பச்சை விளக்கை நம்பி ஏமாந்தோம்

சென்ற சாரல் சீசனில் ஒரு மாலைப் பொழுது. தென்காசியில் நமது மளிகை மண்டியில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த நேரம், குற்றாலத்தில் சீசன் கடை போட்டிருக்கும் நமது வாடிக்கையாளர் ஒருவர் நனைந்த தலையோடு வந்து நின்றார். நேந்திரம் சிப்ஸ், மிளகு, ஏலம், கிராம்பு, பனங்கற்கண்டு என்று விற்பவர். ஆனி, ஆடி, ஆவணி ஆகிய மூன்று மாதத்தில் சம்பாதிப்பதை வைத்துத்தான் மீதி ஒன்பது மாதத்தைத் தள்ள வேண்டிய குடும்பம். கையில் ஒரு எலக்ட்ரானிக் தராசு. அதன் மேல் ஒன்றல்ல, இரண்டல்ல, மூன்று சார்ஜர்கள் ஒயரோடு சுற்றிக் கிடந்தன.

"அண்ணாச்சி, மூணாவது சார்ஜரும் போயிட்டு. ராத்திரி முழுக்கப் போட்டு வச்சேன். காலைல பச்சை லைட்டு எரியுது. பத்து மணிக்குக் கூட்டம் வரும்போது தராசு அணைஞ்சு போச்சு. ஒரு மலையாளத்துக்காரருக்கு ஏலக்காய் நிறுத்துக்கிட்டு இருக்கேன், நம்பர் நிக்க மாட்டேங்கு. நூறு காட்டுது, தொண்ணூத்தி ரெண்டு காட்டுது. அவரு என் மூஞ்சியப் பாத்தாரு பாருங்க..." என்று சொல்லி, மேலே பேச முடியாமல் நிறுத்திவிட்டார்.

வணிகப் பெருமக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நூறு கிராம் ஏலக்காயில் எட்டு கிராம் ஆடினால் அது எத்தனை ரூபாய் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். "இவன் தராசில் ஏதோ வேலை செய்து வைத்திருக்கிறான்" என்று ஒரு வெளியூர்க்காரர் நினைத்துக்கொண்டு போவது எத்தனை ரூபாய்க்குச் சமம்? அந்த மனிதர் ஒரு கிராமும் திருடாதவர். நாமும் அவரோடு இருபது வருடம் பற்று வரவு வைத்திருக்கிறோம்.

இந்த இடத்தில் நமது குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். அந்த மூன்று சார்ஜர்களில் இரண்டு நமது கடையில் வாங்கியவை. நாம் மளிகை மொத்த வியாபாரிதான். ஆனாலும் சீசன் சமயத்தில் எமர்ஜென்சி லைட், டார்ச், தராசு அடாப்டர் என்று சில்லறைச் சாமான்களை வெளியூரிலிருந்து பெட்டி பெட்டியாக வாங்கி ஒரு ஓரத்தில் வைப்பது வழக்கம். பில் கிடையாது, கம்பெனிப் பெயர் கிடையாது, வாங்குவதும் விற்பதும் ரொக்கத்துக்குத்தான். சென்ற சீசனில் ஐம்பது அடாப்டர் வாங்கியதில் பதினொன்று திரும்பி வந்தது. "தண்ணி பட்டிருக்கும், நாங்க என்ன செய்ய?" என்று சொல்லியே அத்தனை பேரையும் அனுப்பி வைத்தோம். இவரிடமும் அதையே சொல்ல வாயெடுத்தோம். முகத்தைப் பார்த்ததும் சொல்ல வரவில்லை. "தராசை வச்சிட்டுப் போங்க, நாளைக்குப் பாப்போம்" என்றோம். நமது கைத்தராசு ஒன்றைக் கொடுத்து அனுப்பினோம். முத்திரை போட்டதுதான்.

நமக்கு மின்சாரம் பற்றி ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடப் படிப்போடு கல்லாப்பெட்டிக்கு வந்தவர்கள் நாம். ஆனால் வீட்டில் பேரன் ஒருவன் இருக்கிறான். பாலிடெக்னிக் படிக்கிறான். படிப்பதை விட, தெர்மாகோலில் சின்ன விமானம் செய்து ரிமோட்டில் பறக்க விடுவதுதான் அவனுக்கு முக்கியம். ஆய்க்குடிப் பக்கம் வயல்வெளியில் காற்று ஓய்ந்த காலை நேரத்தில் பறக்க விடுவான். சாரல் காலத்தில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று அதைக் கிழக்கே எங்கோ கொண்டு போய்விடும் என்று நாம் கேலி செய்வதுண்டு.

அந்த விமானத்துக்கு ஒரு சின்ன லித்தியம் பேட்டரி. அதை ஏற்ற ஒரு சார்ஜர். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். நான்கு பொத்தான், இரண்டு வரி எழுத்துத் திரை. இத்தனை நாளும் அதை விளையாட்டுச் சாமான் என்றே நினைத்திருந்தோம். அன்று இரவு அவனிடம் தராசைக் கொடுத்தபோது அந்தப் பெட்டியே கெட்டுப்போய், அவன் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதுவும் நல்லதாகப் போயிற்று. ஒரு சார்ஜர் கெட்டால் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை முதலிலிருந்து பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது.

நாமாக இருந்தால் "சார்ஜர் போச்சு" என்று சொல்லி வேறு வாங்கியிருப்போம். அவன் அப்படிச் செய்யவில்லை. முதலில் சார்ஜருக்கு வரும் மின்சாரத்தைப் பார்த்தான். அந்தப் பெட்டி நேராக வீட்டு மின்சாரத்தில் ஓடுவதில்லை. 12 வோல்ட் அடாப்டர் ஒன்று தனியாக வேண்டும். அடாப்டர் சும்மா இருக்கும்போது மல்டிமீட்டரில் 12 சரியாகக் காட்டியது. ஆனால் பேட்டரியை மாட்டி ஏற்றத் தொடங்கியதும் மீட்டரில் 10க்குக் கீழே சரிந்தது, திரை அணைந்து அணைந்து எரிந்தது. "சுமை தூக்காத வரைக்கும் எல்லாரும் பலசாலிதான் தாத்தா" என்றான். ஏற்றும் ஆம்பியரைப் பாதியாகக் குறைத்து வைத்ததும் திரை நின்று எரிந்தது. ஆக, பழுது சார்ஜரில் இல்லை, அதற்குச் சோறு போடும் அடாப்டரில்.

பிறகு இன்னொரு தகராறு. பேட்டரிக்குள் மூன்று அறைகள். ஒவ்வொரு அறையின் அளவையும் தனித்தனியே பார்க்க ஒரு வெள்ளைப் பிளக், அதில் நான்கு மெல்லிய ஒயர்கள். திரையில் இரண்டு அறைக்கு அளவு வந்தது, மூன்றாவதற்கு வரவில்லை. தொடர்பு அறுந்தது என்று எழுத்தில் காட்டிப் பெட்டி ஏற்ற மறுத்தது. அந்தப் பிளக்கின் பின் ஒன்று உள்ளே நழுவியிருந்தது. ஊசியால் தள்ளிவிட்டதும் சரியாகிவிட்டது. மூன்று அறையும் தலா 4.2 வோல்ட் வந்ததும் தானாக நின்றது. திரையில் காட்டும் அளவும் மீட்டரில் காட்டும் அளவும் ஒன்றுதானா என்று மாதம் ஒருமுறை சரிபார்ப்பானாம். நாம் படிக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்ப்பதில்லையா, அதே கதைதான். காற்றாடியின் தூசியை ஊதிவிடுவது, முனைகளைத் துடைப்பது, வெளியூர் போனால் லித்தியம் பேட்டரியை முழுக்க ஏற்றாமல் அறைக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வைப்பது, உப்பிப்போன பேட்டரியைத் தொடாமல் கழித்துவிடுவது, ஏற்றும்போது பக்கத்தை விட்டுப் போகாமல் இருப்பது என்று அவனுக்குச் சில நியமங்கள் இருக்கின்றன. இத்தனை ஒழுங்கோடு நமது கணக்குப்பிள்ளைகூடப் பேரேடு எழுதுவதில்லை.

இனி தராசு விஷயத்துக்கு வருவோம். தராசுக்குள் இருப்பது பெரும்பாலும் 6 வோல்ட், 4.5 ஆம்பியர்-மணி என்று எழுதிய சின்ன மூடிய பேட்டரி. ஈயமும் கந்தக அமிலமும் கொண்டது. 1859ல் பிரான்ஸ் தேசத்து பிளாண்டே என்பவர் கண்டுபிடித்த அதே தத்துவம்தான் இன்றும் நமது தராசிலும் இன்வெர்ட்டரிலும் லாரியிலும் ஓடுகிறது. பேரனின் பெட்டியில் லித்தியம் மட்டுமின்றி இந்த ஈய பேட்டரியையும் ஏற்ற ஒரு வழி இருக்கிறது. எந்த வகை பேட்டரி என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும். தப்பாகத் தேர்ந்தெடுத்தால் ஆபத்து, அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தராசின் அடியில் பேட்டரிக்கென்று தனி மூடி இருந்தது. அதை மட்டும் கழற்றினான். முத்திரை ஆய்வாளர் போட்ட ஈய முத்திரை இருக்கும் பக்கம் கை வைக்க நாம் விடவில்லை. பேட்டரியை எடுத்துத் தன் பெட்டியில் மாட்டி, ஈய வகை, 6 வோல்ட், 0.4 ஆம்பியர் என்று வைத்தான். முழுக்க ஏறினால் பத்து மணி நேரமாவது ஆக வேண்டும். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் "முடிந்தது" என்று பெட்டி சத்தம் போட்டது. "பாத்தியா, பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்றோம். அவன் சிரித்தான். அதே பெட்டியில் திருப்பி இறக்கும் வழியும் இருக்கிறது. உள்ளே போனதை வெளியே எடுத்து அளந்து காட்டும். அரை ஆம்பியரில் இறக்கப் போட்டுவிட்டுத் தூங்கப் போனோம். புது பேட்டரி என்றால் விடிய விடிய எட்டு மணி நேரம் வரை கொடுக்க வேண்டும். இது ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. 4500 என்று எழுதியிருக்கும் இடத்தில் 700 சொச்சம் தேறியது. மூட்டையில் நூறு கிலோ என்று எழுதி உள்ளே பதினாறு கிலோ இருந்தால் நாம் என்ன சொல்வோம்?

இங்கேதான் பச்சை விளக்கின் சூது நமக்குப் புரிந்தது. ஈய பேட்டரியைக் காலி நிலையில் நாள் கணக்கில் போட்டு வைத்தாலோ, அரைகுறையாகவே ஏற்றிவந்தாலோ தட்டுகளில் வெள்ளைப் படிவு கட்டியாகிவிடுகிறது. ஈயமும் கந்தகமும் சேர்ந்த உப்பு அது. முற்றிப்போனால் கரையாது. அப்படிக் கெட்ட பேட்டரிக்குள் மின்சாரம் சரியாகப் போகாது. வாய் சிறுத்த பானையில் தண்ணீர் ஊற்றுவது போல, உள்ளே நிறையாமலே வாய் வரைக்கும் வந்து வழியும். வோல்ட் சீக்கிரம் ஏறிவிடும். தராசில் உள்ள சார்ஜருக்கு வோல்ட் மட்டுமே தெரியும். ஏறிவிட்டது என்று நினைத்துப் பச்சை விளக்கை எரிய விடுகிறது. நாமும் நம்பிக் கடைக்குக் கொண்டு போகிறோம். ஆக, சீக்கிரம் பச்சை எரிந்தால் சந்தோஷப்படக் கூடாது, சந்தேகப்பட வேண்டும்.

சரி, ஒரு வருடம்கூட ஆகாத பேட்டரி ஏன் அப்படி ஆயிற்று? இதற்கு விடை தேட நாமும் பேரனும் மறுநாள் குற்றாலத்துக்கே போனோம். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. குளிக்கப் போனவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள், கடைக்குப் பின்னால் ஒயர் போகும் அழகைச் சொல்கிறோம். ஒரு மீட்டரிலிருந்து மெல்லிய ஒயரில் ஒரு கடைக்கு, அதிலிருந்து அடுத்த கடைக்கு, அங்கிருந்து மிக்சிக்கும் ஜூஸ் கடைக்கும் என்று கொடி போலப் போகிறது. நமது வாடிக்கையாளர் கடை கடைசிக்கு முந்தையது. எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்து மாலை ஏழு மணிக்கு அளந்தால், 230 இருக்க வேண்டிய இடத்தில் 172 வோல்ட் இருந்தது. தராசுக் கம்பெனி கொடுத்த பழைய அடாப்டர் கனமானது, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் சுற்றியது. அந்த வகையில் உள்ளே வருவது குறைந்தால் வெளியே போவதும் அதே விகிதத்தில் குறையும். 230க்கு 9 வோல்ட் என்றால் 172க்கு 6.7தான். 6 வோல்ட் பேட்டரிதானே, 6.7 போதாதா என்று நாமும் கேட்டோம். போதாது. நிறைய 7.2 வரை தேவை, வழியில் தராசின் உள்வேலைக்கே ஒரு வோல்ட்டுக்கு மேல் போய்விடுகிறது. மேட்டில் இருக்கும் வயலுக்குப் பள்ளத்து வாய்க்காலிலிருந்து தண்ணீர் ஏறுமா?

ஆக, கம்பெனி அடாப்டர் கெடவே இல்லை. அதே அடாப்டர் தென்காசியில் நமது கடையில் போட்டால் ஒழுங்காக ஏற்றுகிறது. குற்றாலத்து மாலை நேரத்து மின்சாரம்தான் பலமில்லாமல் இருந்தது. சீசன் தொடங்கி நாலு வாரம் பேட்டரி அரைவயிற்றோடு ஓடி ஓடிக் கெட்டிருக்கிறது. அது தெரியாமல் நல்ல அடாப்டரை மூலையில் போட்டுவிட்டு, நம்மிடம் வந்து நமது பெயரில்லா அடாப்டரை வாங்கியிருக்கிறார். அதையும் சோதித்தோம். சோதனை மிக எளிது, எந்தக் கடைப் பையனும் செய்யலாம். மோட்டார் சைக்கிள் இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 10 வாட், பத்துப் பதினைந்து ரூபாய். அதை அடாப்டரின் முனைகளில் மாட்டி மீட்டரை வைத்தால் போதும். அந்த பல்பு முக்கால் ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். ஒரு ஆம்பியர் என்று அச்சடித்த அடாப்டர் இதற்கு 9 வோல்ட்டில் நிற்க வேண்டும். நாம் விற்றது 5 வோல்ட்டுக்குக் கீழே படுத்துவிட்டது. கடையில் மீதி கிடந்தவற்றையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தோம். நின்றது நாலு. மற்றதெல்லாம் படுத்தவைதான். எட்டணா முறுக்கை ஒரு ரூபாய் என்று விற்றால்கூட வாங்குபவனுக்கு வயிற்றில் ஏதாவது போகும். இது அதுவும் இல்லை.

இதைப் படிக்கிற நண்பர்களில் சிலர் சொல்லக்கூடும்: "அடாப்டர் நூத்தம்பது ரூபாய் அண்ணாச்சி, போனால் இன்னொன்று. இதற்கு மீட்டரும் பேரனும் வேண்டுமா?" கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று அடாப்டர், கெட்டுப்போன பேட்டரி, தராசு நின்ற நேரத்து வியாபாரம், கூட்டம் நிற்கும்போது பையனைத் தென்காசிக்கு அனுப்பிய பஸ் செலவு, இத்தனைக்கும் மேல் அந்த ஏலக்காய்க்காரரின் பார்வை. நூற்றைம்பது என்பது வாங்கும் விலை மட்டும்தான்.

தராசு வைத்திருக்கும் சில்லறை வியாபாரிகளுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். இரவில் ஏற்றி, காலையில் ஒயரை எடுத்து, ஒரு மணி நேரம் கழித்து பேட்டரியில் மீட்டரை வையுங்கள். 6.4 பக்கம் இருந்தால் நிறைந்திருக்கிறது. 6.1 என்றால் பாதிதான். 5.8க்குக் கீழே இருந்தால் இத்தனை நாளும் அதைப் பட்டினி போட்டிருக்கிறீர்கள். சீசன் முடிந்து தராசைப் பரணில் போடும்போது முழுக்க ஏற்றிப் போடுங்கள். தீபாவளிக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை எடுத்து மறுபடி ஏற்றுங்கள். குற்றாலத்துக் கடைகளில் பாதி பேட்டரி செத்துப்போவது சீசனில் இல்லை, மார்கழியில் பரணில்தான் என்பது நமது அபிப்பிராயம். அடாப்டரின் பின் சாரல் காற்றில் பச்சை பூத்துப் போகும். அதை உலர்ந்த துணியால் துடைத்தாலே பாதி "கெட்ட" சார்ஜர்கள் பிழைத்துக்கொள்ளும். புது அடாப்டர் வாங்கினால் அதன் முதுகில் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். வோல்ட் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. பின்னில் கூட்டல் எந்தப் பக்கம், கழித்தல் எந்தப் பக்கம் என்று சின்னப் படம் போட்டிருப்பார்கள், அது பொருந்த வேண்டும். 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதிய, பி.ஐ.எஸ். பதிவுக் குறியும் 'ஆர்' என்று தொடங்கும் எண்ணும் உள்ள லேசான அடாப்டர் கடைசிக் கடைக் குறைந்த மின்சாரத்திலும் தாக்குப் பிடிக்கும்.

எவ்வளவு அவசரமானாலும் முத்திரையை உடைத்துத் தராசைப் பிரிக்க விடாதீர்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு வருடா வருடம் முத்திரை போட வேண்டும் என்பதும், அதைப் பழுது பார்ப்பவர் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. சார்ஜ் நிற்கவில்லை என்று செல்போன் கடையில் கொடுத்துப் பிரித்து ஒட்டி வாங்கி, பிறகு தொழிலாளர் துறை ஆய்வில் மாட்டிக்கொண்டு விழித்தவர்களை நமக்குத் தெரியும். பேட்டரி மூடி தனியாக இல்லாத தராசு என்றால், உரிமம் உள்ளவரிடம் கொண்டு போவதுதான் வழி. முத்திரையிட்ட அரைக்கிலோக் கல் ஒன்றைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் பார்க்கும்படி காலையில் ஒருதரம் தட்டில் வைத்து எடுங்கள். நமது தந்தையார் காலத்தில் இரண்டு தட்டும் காலியாக இருக்கும்போது முள் நடுவில் நிற்பதை வாடிக்கையாளருக்குக் காட்டித்தான் நிறுக்கத் தொடங்குவார்கள்.

இன்வெர்ட்டர் பற்றியும் கொஞ்சம். 2012ஆம் ஆண்டு வாக்கில் நமது தென் மாவட்டங்களில் நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல்கூட மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். பாவூர்சத்திரம், சுரண்டைப் பக்கம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருக்கும், நாம் மெழுகுவர்த்தியில் பில் எழுதுவோம். அப்போது கடைக்குக் கடை வாங்கி வைத்த இன்வெர்ட்டர்தான் இன்றும் மூலையில் இருக்கிறது. பேட்டரி ஒருதரமோ இருதரமோ மாறியிருக்கும். மின்வெட்டு குறைந்ததும் அதை நாம் அடியோடு மறந்துவிட்டோம். அதன் மேல் அப்பளக் கட்டு அடுக்குகிறோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மிதவையைப் பாருங்கள். தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். கேன் தண்ணீர் கூடாது, குற்றால அருவித் தண்ணீர் மூலிகை உள்ளது என்று அதையும் ஊற்றக் கூடாது. (ஊற்றிய ஒருவர் இருக்கிறார், பெயர் சொல்ல மாட்டோம்.) ஆசிட் ஊற்றவே கூடாது. முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், அதற்கு மருந்து நமது கடையிலேயே டப்பாவில் இருக்கிறது. ஆப்பச் சோடா! இன்வெர்ட்டரை நிறுத்தி, பிளக்கையும் எடுத்துவிட்டு, கழித்தல் முனையை முதலில் கழற்றி, வெந்நீரில் சோடாவைக் கரைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். கரைசல் பேட்டரியின் மூடித் துளைகளுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடைத்து, உலர்த்தி, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின். மாட்டும்போது கழித்தல் முனை கடைசியில். கையில் மோதிரம், கடிகாரம் வேண்டாம்.

ஏற்றும்போது இந்தப் பெரிய பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடுகிறது. காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தாலே தீப்பொறி பட்டால் வெடிக்கக்கூடியது. அதை நாம் எங்கே வைத்திருக்கிறோம்? ஜன்னல் இல்லாத சரக்கறையில், சாக்குக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில், மேலே சாமி படத்துக்கு விளக்கு! 2023 ஆகஸ்டில் குற்றாலம் மெயினருவிப் பக்கம் தற்காலிகக் கடைகள் தீயில் எரிந்துபோனதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். அதற்கும் பேட்டரிக்கும் முடிச்சுப் போட நாம் வரவில்லை. நெருக்கமாகக் கட்டிய கடை வரிசையில் ஒரு கடையில் பற்றினால் அது ஒரு கடையோடு நிற்காது என்பதற்காகச் சொல்கிறோம். இப்போது லித்தியம் பேட்டரி வைத்த மலிவு விளக்குகளும் காற்றாடிகளும் கடைக்குக் கடை வந்துவிட்டன. அவற்றை மூட்டை மேல் போட்டு ஏற்றிவிட்டு, ஷட்டரை இழுத்துப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். பேரன் தன் விளையாட்டு பேட்டரியை ஏற்றும்போது அதை ஒரு மண்சட்டிக்குள் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். பதினெட்டு வயதுப் பையனுக்கு இருக்கிற பயம் நமக்கு இல்லாமல் போனது எப்படி என்று தெரியவில்லை.

நமது சங்கத்துக்கு ஒரு யோசனை. பேரனிடம் இருப்பது போன்ற சார்ஜர் ஒன்று, மல்டிமீட்டர் இரண்டு, இண்டிகேட்டர் பல்பு நாலு, இன்வெர்ட்டருக்கு ஒரு ஹைட்ரோமீட்டர். எல்லாம் சேர்ந்தாலும் ஆண்டு விழாவில் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவில் ஒரு மூலைக்குக் காணாது. இவற்றைச் சங்கக் கட்டிடத்தில் வைத்து, ஐ.டி.ஐ. படித்த பையன் ஒருவனுக்குச் சம்பளம் கொடுத்து, வைகாசி மாதத்தில், அதாவது சீசனுக்கு முன்னால், உறுப்பினர்களின் தராசு பேட்டரியையும் அடாப்டரையும் ஒருதரம் சோதித்துக் கொடுக்கலாம். காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சிக்கென்று மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. பேட்டரி ஆராய்ச்சிக்குப் பெயர் போன இடம். 1948ல் அதற்கு அடிக்கல் நாட்டியபோது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர், வியாபாரக் குடும்பத்தில் பிறந்த அழகப்பச் செட்டியார். அவர் கொடுத்ததில் நாம் கேட்பது லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மொத்த வியாபாரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இதை எழுதுவதால் சிலர் நம்மோடு மனவருத்தம் கொள்ளலாம். பில் இல்லாமல் வந்த சார்ஜரை பில் இல்லாமல் விற்று, திரும்பி வந்தால் தண்ணீர் மேல் பழி போடுவது நமது பழக்கமாகிவிட்டது. மிளகில் பப்பாளி விதை கலந்தவனை ஊரை விட்டு ஒதுக்கிய பரம்பரை நம்முடையது. ஒரு ஆம்பியர் என்று எழுதிக் கால் ஆம்பியர் கொடுப்பது வேறென்ன? விற்கிறவர்கள் பெட்டிக்கு ஒன்றாவது பல்பு போட்டுப் பார்த்து வாங்குங்கள். பில் போடுங்கள். 2025 செப்டம்பரில் ஈய பேட்டரிக்கான ஜி.எஸ்.டி.யையும் 28லிருந்து 18ஆகக் குறைத்துவிட்டார்கள், வரியைச் சாக்காகச் சொல்வதும் முன்போல எடுபடாது. பழைய பேட்டரியை எடைக்குப் போடும் இரும்புக் கடை உடைத்து ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றுவான். புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்வதுதான் முறை. விற்ற பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு கம்பெனிகளுக்கு உண்டு என்று 2022ல் மத்திய அரசு விதியே போட்டிருக்கிறது.

நமது குற்றாலத்து வாடிக்கையாளர் கதை பாக்கி இருக்கிறது. இரண்டு அடாப்டருக்கான பணத்தையும் திருப்பிக் கொடுத்தோம். "எதுக்கு அண்ணாச்சி" என்று வாங்க மறுத்தார், அவர் கணக்கில் வரவு வைத்துவிட்டோம். புது பேட்டரி போட்டு, முத்திரைக் கல்லை வைத்துச் சரிபார்த்து, நல்ல அடாப்டரோடு தராசைக் கொடுத்து அனுப்பினோம். பக்கத்துக் கடைக்காரர்களோடு சேர்ந்து கனமான ஒயர் ஒன்று நேராக மீட்டரிலிருந்து இழுத்துக்கொண்டார். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் இரவு பத்து மணி வரை தராசு நிற்கவில்லை என்று போனில் சொன்னார். மற்ற பத்துப் பேரில் ஆறு பேர் வந்து பணம் வாங்கிப் போய்விட்டார்கள். மீதி நாலு பேர் யார் என்று நமக்கு நினைவில்லை. பில் இல்லாததால் கணக்கிலும் இல்லை. இதைப் படித்தால் அடாப்டரோடு வரட்டும்.

சங்கம் முடிவு செய்யும் வரை, மல்டிமீட்டரும் பல்பும் நமது மண்டியில் கல்லாவுக்கு இடது பக்க அலமாரியில் இருக்கும். காலை பதினொரு மணிக்குள் யார் வந்தாலும் பார்த்துக் கொடுக்கிறோம். பேரனின் பெட்டி வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைதான், அதுவும் காற்று அதிகம் அடித்து விமானம் பறக்காத நாளாக இருக்க வேண்டும்.